வங்காரி மாத்தாய்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

சமூகப்பணி படிக்கும் மாணவர்களிடமும் மகளிர் குழுப் பயிற்சிகளிலும் கென்யாவின் வங்காரி மாத்தாய் பற்றிப் பேசும்போதெல்லாம் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. "மரம் நட்ட அம்மா" என்பது எல்லாருக்கும் தெரிகிறது. அவர் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், அந்தப் பேராசிரியர் வேலையின் வழியாகத்தான் கிராமத்துப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தார் என்பது தெரிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

வங்காரி மாத்தாய் யாருங்க? சுருக்கமா சொல்லுங்களேன்.

1940 ஏப்ரல் 1-ல் கென்யாவின் நியேரி பகுதியில் இஹிதே என்ற கிராமத்தில் பிறந்தவர். கிகுயு இனத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பம். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். நைரோபி பல்கலைக்கழகத்தில் கால்நடை உடற்கூறியல் கற்பித்தார், துறைத் தலைவராகவும் இருந்தார். 1977-ல் கிராமத்துப் பெண்களைக் கொண்டு மரம் நடும் 'பசுமை வளைய இயக்கம்' (Green Belt Movement) தொடங்கினார். 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்தான். 2011 செப்டம்பர் 25-ல் நைரோபியில் புற்றுநோயால் இறந்தார்.

மாத்தாய்னா கேரளாக்காரங்க பேர் மாதிரி இருக்கே?

இல்லை, கணவர் வழி வந்த பெயர். கணவர் பெயர் முவாங்கி மதாய். பெயரில் வரும் நெடிலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, விவாகரத்துக் கேள்வியில் வருகிறேன்.

அந்தக் காலத்து ஆப்பிரிக்கக் கிராமத்திலிருந்து ஒரு பொண்ணு அமெரிக்கா வரைக்கும் எப்படிப் படிக்கப் போனாங்க?

முதல் காரணம் அவருடைய அண்ணன். "நாங்கள் எல்லாம் பள்ளிக்கூடம் போகிறோம், வங்காரி ஏன் போகக்கூடாது?" என்று வீட்டில் கேட்டவர் அவர்தான், அம்மாவும் சரி என்றார். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் பெண் பிள்ளை கை தேவைப்பட்ட குடும்பம், அந்த இடத்தில் அம்மா சரி என்று சொன்னதை நான் சாதாரணமாக நினைப்பதில்லை. அப்புறம் கத்தோலிக்க மிஷன் விடுதிப் பள்ளி, லிமுருவில் லொரேட்டோ பெண்கள் உயர்நிலைப் பள்ளி.

இரண்டாவது காரணம் காலம். கென்யா விடுதலையை நெருங்கிக் கொண்டிருந்தது, நிர்வாகத்துக்குப் படித்தவர்கள் வேண்டும் என்று இளைஞர்களை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றி அனுப்பும் திட்டம் ஒன்று நடந்தது, அதற்கு கென்னடி குடும்ப அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. 1960 செப்டம்பரில் கிளம்பிய சுமார் 300 பேரில் இவரும் ஒருவர். கான்சஸ் மாநிலத்தின் அட்சிசன் ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரியில் 1964-ல் உயிரியல் பட்டம், 1966-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதுகலை.

மாட்டு டாக்டருக்கும் மகளிர் மேம்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஒரு திருத்தம். அவர் மாட்டுக்கு வைத்தியம் பார்த்தவர் இல்லை. திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து ஆராயும் உடற்கூறியல்தான் அவர் துறை. ஜெர்மனியின் கீசன், மியூனிக் நகரங்களில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி, 1971-ல் நைரோபியில் முனைவர் பட்டம் முடித்தார்.

சம்பந்தம் எங்கே வருகிறது என்றால், உண்ணியில் வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடுகளைக் கொல்லும் ஒரு காய்ச்சல் உண்டு, அதைப் பரப்புவது ஒரு வகை உண்ணி. அந்த உண்ணிகளைச் சேகரிக்க நைரோபிக்கு வெளியே கிராமங்களுக்குப் போனபோது, மாட்டின் காதில் இருந்த உண்ணியைவிட அவரை அதிகம் உறுத்தியது மாடுகளின் விலா எலும்பு. தின்னப் புல் இல்லை. மழை பெய்தால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது, மேல்மண் எல்லாம் அடித்துக்கொண்டு போனது. மாட்டுக்கு ஆபத்து உண்ணியால் மட்டும் இல்லை, நிலமே கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அங்கேதான் புரிந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

பிறந்த ஊருக்குப் போனால் அங்கேயும் அதே கதை. சிறு வயதில் வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய அத்தி மரம் ஒன்று இருந்தது, கிகுயு மக்கள் முகுமோ என்பார்கள், புனிதமான மரம். அதிலிருந்து சுள்ளி கூடப் பொறுக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். பக்கத்திலேயே ஒரு நீரோடை, தவளை முட்டைகளை மணி மாதிரி கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து எடுக்கப் போவாராம், கையில் எடுத்தால் நழுவிவிடும். படித்துத் திரும்பி வந்தபோது மரத்தை வெட்டித் தேயிலை போட்டிருந்தார்கள், ஓடை வற்றியிருந்தது. அத்தி வேர் ஆழமாக இறங்கிப் பாறையைப் பிளந்து நிலத்தடி நீர் மேலே வர வழி விடுகிறது என்ற அறிவியல் அவருக்குப் பின்னால் தெரிந்தது. ஊர்க்காரர்கள் அதே மரத்தைச் சாமி மரம் என்று சொல்லியே காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

பல்கலைக்கழகத்துல பெண்ங்கறதால கஷ்டம் வந்துச்சா?

வந்தது, முதல் நாளிலிருந்தே வந்தது. விலங்கியல் துறையில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை என்று கடிதம் கையில் வைத்துக்கொண்டுதான் 1966-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பினார், வந்து பார்த்தால் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். தான் பெண் என்பதும், வேலை தருவதாகச் சொன்ன பேராசிரியரின் இனத்தைச் சேராதவர் என்பதும்தான் காரணம் என்று அவர் கடைசி வரை நம்பினார். கால்நடை உடற்கூறியல் துறையை உருவாக்கிக் கொண்டிருந்த ஜெர்மன் பேராசிரியர் ஹோஃப்மன் அப்போது வேலை கொடுத்திருக்காவிட்டால் அந்தக் கல்விப் பயணம் அங்கேயே நின்றிருக்கும்.

பிறகு சலுகைகளில் பாகுபாடு. ஒரே வேலை பார்க்கும் ஆணுக்குக் குடியிருப்பு, ஓய்வூதியம், மருத்துவ வசதி எல்லாம் முழுசாக உண்டு. மணமான பெண்ணுக்குக் கிடையாது, கணவர் பார்த்துக்கொள்வார் என்று கணக்கு. மாத்தாயும் உயிர்வேதியியல் துறையில் இருந்த அவர் தோழி வெர்ட்டிஸ்டீன் ம்பாயாவும் இதை விடாமல் கேட்டார்கள். சக ஆசிரியைகள் பலருமே "எங்களுக்கு எதற்கு வம்பு" என்று ஒதுங்கினார்கள். சங்கம் அமைக்கவும் முயன்றார்கள், நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. ஆனால் கேட்டதில் பெரும்பகுதி பிற்பாடு எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது. 1976-ல் துறைத் தலைவர், 1977-ல் இணைப் பேராசிரியர், இரண்டிலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் அவர்தான்.

மரம் நடுற யோசனை யார் கொடுத்தது? ஐ.நா. திட்டமா?

இல்லை. கிராமத்துப் பெண்கள் சொன்ன பிரச்சினைக்குக் கிடைத்த விடை அது. 1975-ல் மெக்சிகோவில் நடந்த ஐ.நா. மகளிர் மாநாட்டுக்குத் தயாராக, கென்யாவின் தேசிய மகளிர் மன்றம் கூட்டங்கள் நடத்தியது. படித்த பெண்கள் ஒரு பக்கம், கிராமத்துப் பெண்கள் ஒரு பக்கம். நாங்கள் சம்பளம், சலுகை என்று பேசிக்கொண்டிருந்தோம், அவர்கள் விறகு இல்லை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு இல்லை, கையில் காசு இல்லை என்றார்கள் என மாத்தாய் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இதில் சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் பிறந்த மத்தியப் பகுதி செழிப்பானது, அங்கேயே குழந்தைகளுக்குச் சத்துக்குறைவு நோய்கள் இருப்பதாக ஓர் ஆய்வாளர் சொன்னார். எப்படி? பணப்பயிர் என்று நிலம் முழுக்கக் காப்பியும் தேயிலையும் போட்டாயிற்று. மரம் போனது, விறகும் போனது. விறகு இல்லாத வீட்டில் நெடுநேரம் வேக வேண்டிய பயறும் கிழங்கும் அடுப்பேறாது. வெள்ளை ரொட்டி, வெள்ளை மாவு, வெள்ளை அரிசி என்று சீக்கிரம் வேகிற பண்டம் வரும், அதில் சத்து இல்லை. ஆக, குழந்தையின் உடம்பு மெலிந்ததற்குக் காரணம் தேடினால் அது அடுப்பில் போய் நிற்கிறது, அங்கிருந்து காட்டுக்குப் போகிறது. விறகு வேண்டும் என்றால் மரம் வேண்டும், அப்படியானால் நாமே நடுவோமே என்று அவருக்குத் தோன்றியது இங்கேதான்.

மாணவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். தேவை என்ன என்பதைப் பெண்கள் சொன்னார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தது பேராசிரியரின் வேலை.

எடுத்த எடுப்பிலேயே ஜெயிச்சிட்டாங்களா?

இல்லை. கணவர் 1974 தேர்தலில் நின்றபோது வேலை தருகிறேன் என்று ஏழைத் தொகுதி மக்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்த பிறகு அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மாத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. மரக்கன்று வளர்த்து நட்டுக் கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி அந்த மக்களுக்கு வேலை கொடுக்கப் பார்த்தார். பணமும் இல்லை, தண்ணீர்த் தட்டுப்பாடு வேறு, அது படுத்துவிட்டது.

பிறகு தேசிய மகளிர் மன்றத்தின் வழியாக மறுபடி தொடங்கினார். 1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளில் நைரோபியின் கமுகுஞ்சி பூங்காவில் ஏழு மரங்கள் நட்டார்கள். அந்த ஏழிலும் பல பட்டுப்போயின. நடுவது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்ற பாடம் தொடக்கத்திலேயே கிடைத்தது, இயக்கத்தின் விதிமுறைகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தன.

படிக்காத பெண்கள் நாற்றங்கால் போடறதை வனத்துறை ஏத்துக்கிச்சா?

முதலில் வனத்துறை இலவசமாகவே கன்று கொடுத்தது. கேட்பவர்கள் கூடியதும் கட்டுப்படியாகவில்லை. சரி, நாமே வளர்ப்போம் என்று ஆனபோது வனத்துறையினர் பயிற்சி கொடுக்க வந்தார்கள், நிலத்தின் சரிவு, சூரியன் படும் கோணம் என்று ஆரம்பித்தார்கள். பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பட்டம் வாங்காமல் மரம் நட முடியாது என்பது அதிகாரிகளின் எண்ணம்.

மாத்தாய் பெண்களிடம் சொன்னது இதுதான்: நீங்கள் ஆயுசு முழுக்கப் பீன்ஸும் சோளமும் விதைத்தவர்கள், இதுவும் விதைதான், உங்களுக்குத் தெரிந்த மாதிரி போடுங்கள். உடைந்த பானை, பழைய தகர டப்பா, கிடைத்ததில் எல்லாம் மண் போட்டு முளைக்க வைத்தார்கள். பக்கத்துக் காட்டில் நாட்டு மர விதைகளைத் தாங்களே பொறுக்கினார்கள். ஒரு குழு கற்றதைப் பக்கத்துக் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தது. பட்டயம் இல்லாத வனவியலாளர்கள் என்று அவர்களை மாத்தாய் பெருமையாகக் குறிப்பிடுவார். இயக்கத்தின் பெயருக்கும் இங்கேயே காரணம் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் கன்றுகளுக்குக் குறையாமல் வரிசையாக நடச் சொன்னார்கள், அது நிலத்துக்குப் பச்சை அரைக்கச்சை கட்டியது போல நின்றது.

கன்றுக்குக் காசு கொடுத்தாங்களாமே, அப்ப கூலிக்குத்தானே வந்தாங்க?

காசு கொடுத்தார்கள், கன்று ஒன்றுக்கு அமெரிக்கக் கணக்கில் நாலு சென்ட். நட்டதற்கு இல்லை, பிழைத்த கன்றுக்கு மட்டும். குழு அதைக் கணக்கு எழுதி அனுப்ப வேண்டும், அலுவலகத்திலிருந்து போய்ச் சரிபார்ப்பார்கள். ஐ.நா.வின் மகளிர் நிதியும் நார்வே வனவியல் சங்கமும் இதற்கு உதவின.

கூலிக்கு வந்தால்தான் என்ன தப்பு? பெண்கள் கேட்ட நாலில் ஒன்று வருமானம், மேலே பார்த்தோம். ஏழைப் பெண்ணின் உழைப்பைச் சேவை என்று சொல்லிச் சும்மா வாங்கிக்கொள்ளும் திட்டங்களை நிறையப் பார்த்தவள் என்பதால் எனக்கு இந்த நாலு சென்ட் மீது பெரிய மரியாதை. கணவர் கையை எதிர்பார்க்காமல் உப்பு வாங்கவும் நோட்டுப் புத்தகம் வாங்கவும் ஆன காசு அது.

புருஷன் ஏன் விட்டுட்டுப் போனார்?

1969-ல் கல்யாணம், மூன்று குழந்தைகள், 1977-ல் பிரிவு, 1979-ல் விவாகரத்து. வழக்கு பத்திரிகைகளில் பெரிய பரபரப்பானது, படித்த பெண் என்பதே குற்றம் என்கிற தொனியில் எழுதினார்கள். தீர்ப்பு கணவர் பக்கம் போனது. பிறகு ஒரு பேட்டியில் நீதிபதியை விமர்சித்ததற்காக நீதிமன்ற அவமதிப்பு என்று ஆறு மாதச் சிறைத் தண்டனை, மூன்று நாளில் வெளியே வந்தார்.

தன் பெயரை இனிப் பயன்படுத்தக் கூடாது என்று கணவர் சொல்ல, இவர் அதில் ஒரு எழுத்தைக் கூடச் சேர்த்துத் தன் பெயராகவே வைத்துக்கொண்டார். மதாய் மாத்தாய் ஆனது அப்படித்தான்.

பேராசிரியர் வேலையை அவங்களே விட்டாங்களா, துரத்திட்டாங்களா?

ரெண்டும் கலந்தது. 1982-ல் நியேரி பகுதியில் ஓர் இடைத்தேர்தல் வந்தது. தேர்தலில் நிற்கப் பல்கலைக்கழக வேலையை ராஜினாமா செய்ய வேண்டும், செய்தார். வாக்காளர் பதிவில் குறை இருக்கிறது என்று அவர் நிற்கவே முடியாது என்றார்கள். அன்றே திரும்பிப் போய் வேலையைக் கேட்டால் இடம் நிரப்பியாகிவிட்டது என்றார்கள். பல்கலைக்கழகக் குடியிருப்பையும் காலி செய்யச் சொன்னார்கள். பதினாறு வருட வேலை, ஓய்வூதியம், வீடு எல்லாம் ஒரே மூச்சில் போயிற்று, கையில் மூன்று பிள்ளைகள்.

"பேராசிரியர் பதவியைத் துறந்து சமூக சேவைக்கு வந்தார்" என்று மேடையில் அழகாகச் சொல்கிறார்கள், தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அவர் எதையும் துறக்கவில்லை, கதவைச் சாத்தியது நிறுவனம். அதன் பிறகுதான் இயக்கத்தில் முழுநேரமும் இறங்கினார். அதே பல்கலைக்கழகத்தில் அமைதிக்கும் சுற்றுச்சூழல் ஆய்வுக்குமாக ஒரு நிறுவனம் இன்று வங்காரி மாத்தாய் பெயரில் இயங்குகிறது.

மரம் நடுற அம்மாவுக்கு அரசியல் எதுக்கு?

இந்தக் கேள்வியை ஆசிரியர்களே அதிகம் கேட்கிறார்கள். கிராமக் கருத்தரங்குகளில் அவர் செய்யும் ஒரு காரியத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. முதலில் உங்கள் பிரச்சினைகளைச் சொல்லுங்கள் என்பார், பட்டியல் நீளும். இவை எங்கிருந்து வருகின்றன என்று அடுத்துக் கேட்பார், எல்லாரும் அரசாங்கத்தைக் கை காட்டுவார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் நீங்கள் தவறான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள், ஏறும்போது ஏன் கேட்கவில்லை, இப்போது ஏன் இறங்கவில்லை என்று விளக்குவார். விறகுக்காக வந்த பெண் பொது நிலம் யாருக்குப் போகிறது என்று கேட்க ஆரம்பித்தால் அது அரசியல்தான்.

1989-ல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப அதிபர் மோய் அரசு திட்டமிட்டது. இவர் கடிதம் மேல் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்தில் இவரையும் தோழிகளையும் விவாகரத்தான பெண்கள் கூட்டம் என்று ஏசினார்கள், இயக்கத்தின் அலுவலகத்தையும் பிடுங்கினார்கள், அவர் தன் சின்ன வீட்டிலேயே அலுவலகத்தை நடத்தினார். கடைசியில் முதலீட்டாளர்கள் பின்வாங்க, திட்டம் கைவிடப்பட்டது. 1992-ல் அரசியல் கைதிகளின் தாய்மார்கள் அதே பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது கூட உட்கார்ந்தார், போலீஸ் அடியில் மயங்கி விழுந்தார். தாய்மார்கள் தேவாலயத்துக்குள் போய்ப் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள், 1993-ல் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் விடுதலையானார்கள். 1999 ஜனவரியில் நைரோபியில் உள்ள கருரா காட்டைத் தனியாருக்குப் பங்கு போடுவதை எதிர்த்துக் கன்று நடப் போனபோது மண்டை உடைந்தது, போலீஸ் நிலையத்தில் தன் ரத்தத்திலேயே புகாரில் கையெழுத்துப் போட்டார். அந்த ஆண்டு ஆகஸ்டில் பொது நிலத்தை ஒதுக்குவதற்கு மோய் தடை போட வேண்டி வந்தது.

2002 தேர்தலில் டெட்டு தொகுதியில் 98 சதவீத வாக்குகளோடு ஜெயித்து, சுற்றுச்சூழல் துணை அமைச்சரானார். 2007-ல் அடுத்த தேர்தலில் இடத்தை இழந்தார்.

மரம் நட்டதுக்கு ஏன் அமைதிப் பரிசு?

மேலே சொன்ன நிலம், தண்ணீர், விறகு எல்லாவற்றையும் நினைத்துப் பாருங்கள், மக்கள் அடித்துக்கொள்வது எதற்காக? நீடித்த வளர்ச்சி, ஜனநாயகம், அமைதி மூன்றுக்கும் அவர் ஆற்றிய பங்குக்காக என்றுதான் நோபல் குழு அறிவித்தது. செய்தி வந்தபோது நியேரியில் இருந்தார், அங்கேயே ஒரு மரக்கன்றை நட்டார்.

மூணு கோடி, அஞ்சு கோடி மரம்னு சொல்றாங்க, நம்பலாமா?

நோபல் சமயத்தில் மூன்று கோடி என்றார்கள், இயக்கம் இப்போது ஐந்து கோடிக்கு மேல் என்கிறது. இது இயக்கத்தின் சொந்தக் கணக்கு. பிழைத்த கன்றுக்குத்தான் காசு என்பதால் வெறும் வாய்க்கணக்கு இல்லை, அதே சமயம் நட்ட மரம் எல்லாம் இன்றும் நிற்கிறது என்று அர்த்தமும் இல்லை, விறகுக்கு வெட்டத்தானே பல மரங்களை நட்டார்கள். எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்பது என் கட்சி. கென்யா முழுக்கக் கூட்டம் போட, கணக்கு எழுத, அதிகாரியிடம் பேசத் தெரிந்த பெண்கள் குழு குழுவாக உருவானது எனக்குப் பெரிய விஷயம்.

பாலின ஆய்வு படிக்கற நாங்க இவங்களை எங்க துறை அறிஞர்னு எழுதலாமா?

அப்படியே எழுதினால் தவறு. அவர் படித்தது, கற்பித்தது உயிரியல். பாலின ஆய்வை ஒரு கல்வித்துறையாகவே ஆப்பிரிக்காவில் கட்டியவர்கள் வேறு. 1977-ல், பசுமை வளைய இயக்கம் பிறந்த அதே ஆண்டில், ஆப்பிரிக்கப் பெண் ஆய்வாளர்கள் செனகல் நாட்டின் டக்காரில் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள், எங்கள் பெண்களைப் பற்றி வெளியாட்களே எழுதினால் போதாது என்பது அவர்கள் நிலை. உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழகத்தில் 1991-ல் மகளிர் ஆய்வுத் துறை வந்தது. அங்கே சட்டப் புலத்தின் முதல் பெண் தலைவரான சில்வியா தமாலே, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் பாலின ஆய்வு இருக்கையில் இருந்த நைஜீரியரான அமினா மாமா, இவர்களையும் தேடிப் படியுங்கள்.

மாத்தாயைச் சமூக மேம்பாட்டுக் களத்தில் வையுங்கள். அந்த அடுப்புக் கதையை மட்டும் ஒழுங்காக எழுதினாலே பாலினப் பார்வை என்றால் என்ன என்று தேர்வாளருக்குப் புரிந்துவிடும்.

எய்ட்ஸ் பத்தி ஏதோ தப்பாப் பேசினாங்களாமே, அதை ஏன் மறைக்கறீங்க?

மறைக்கவில்லை. எச்.ஐ.வி. கிருமியை விஞ்ஞானிகள் உயிரியல் ஆயுதமாக உருவாக்கினார்கள் என்று அவர் சொன்னதாக 2004-ல் கென்யப் பத்திரிகை ஒன்றில் வந்தது, பரிசு அறிவித்ததும் அது உலகச் செய்தியானது. அந்தக் கருத்து அறிவியலுக்கு முழுக்க முரணானது, அதில் இரண்டு பேச்சு இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் எழுத்து மூலம் மறுத்தார், ஆப்பிரிக்கர்களை அழிக்க வெள்ளையர்கள் அந்தக் கிருமியை உருவாக்கினார்கள் என்று தான் சொல்லவும் இல்லை, நம்பவும் இல்லை, அப்படிப்பட்ட எண்ணம் கொடியது என்று அதில் சொன்னார். வகுப்பில் யாராவது கேட்டால் செய்தி, மறுப்பு இரண்டையும் அப்படியே சொல்லிவிடுங்கள். கட்டுரை எழுதும் மாணவர்கள் பரிசைப் பற்றிய பத்தியிலேயே இதையும் சேர்த்து எழுதலாம்.